வெள்ளிக்கிழமை மட்டும் அடித்த கரண்ட்

கரண்ட் வேலைக்குப் போன வீடுகளில் எத்தனையோ விதமான ஆட்களைக் கண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். நான் சுவரில் பைப் அடித்தால் பின்னால் வந்து நூல் பிடித்துப் பார்ப்பார். ஒரு துளி சரிந்திருந்தாலும் கழற்றச் சொல்லுவார். “பிள்ளையள்ர கொப்பியில கோடு கோணினாலே நான் விட்டதில்ல” என்பார். இன்னொருவர் ஏணியைப் பிடிக்கிறேன் என்று வந்து நிற்பார். பிடித்துக்கொண்டே கதை சொல்லத் தொடங்குவார். கதையில் சிரிக்கிற இடம் வந்தால் இரண்டு கையையும் எடுத்துத் தட்டிச் சிரிப்பார். மேலே நிற்கிற எனக்கு அவருடைய கதை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பதில்தான் கவனமெல்லாம். ஒரு கடைக்கார முதலாளி, நான் மாட்டிய பல்பைத் திரும்பக் கழற்றி, காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட விடுவார்.

இந்த ஆட்களை வைத்து நான் தேத்தண்ணிக் கடையில் கதை சொல்லுவேன். வேலை செய்கிற வீட்டில் வாயைத் திறக்க முடியாது, கடையில் திறக்கலாம். என் கதைக்கென்றே காலையில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எருமை மேய்க்க வீட்டில் ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள். படிக்காத என்னை நாலு பேர் வட்டமாக இருந்து கேட்பது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. அந்த ஆசையில்தான் இவ்வளவும் வந்தது.

வாவிக்கரையோரம் ஒரு வீடு. அதற்கு வயரிங் செய்தது நான்தான். அப்போது அந்த வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். சலரோகத்தில், சீனி கூடி, ஒரு காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மேசன்மாரையும் என்னையும் பார்த்தபடியே இருப்பார். ஒரே மகளுக்குக் கட்டிய வீடு அது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் வாழ்நாளெல்லாம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த மனிதரும் வீடு முடிந்து ஆறு மாதத்தில் போய்விட்டார்.

வயரிங்கின் கடைசி நாள் எனக்கு நன்றாக ஞாபகம். எர்த் கம்பி இறக்கினேன். படித்தவர்கள் என்னென்னவோ சொல்லுவார்கள். எனக்குத் தொழில் பழக்கியவர் சொன்னது இவ்வளவுதான்: சிவப்பு கொண்டுவரும், கறுப்பு கொண்டுபோகும், பச்சை மண்ணுக்கு. எந்தச் சாமானிலும் கொஞ்சம் கரண்ட் கசியும். அதை மனிதர் மேல் ஏற விடாமல் மண்ணுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் பச்சை வயரின் வேலை. கிணற்றடியில் செம்புக் கம்பியை மண்ணுக்குள் அடித்து, அதன் தலையில் பச்சை வயரை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். எங்கள் பக்கம் மணல். தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் தண்ணீர், அதுவும் உவர்த் தண்ணீர். சுத்தியலால் ஏழெட்டு அடியில் கம்பி இறங்கிவிட்டது. பையைத் துழாவினால் கிளாம்ப் இல்லை. கடைக்குப் போய் வர நேரம் போகும். பின்னேரம் இன்னொரு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வயரை உரித்து, கம்பியைச் சுற்றி, குறட்டால் முறுக்கி விட்டேன்.

வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்றா. எதையும் கேட்காமல் விடுகிற ஆள் அல்ல. என்னைவிடப் பத்து வயது இளமை. நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

“இது இப்புடியே சுத்தி விடுறதா அண்ணன்? பூட்டு, ஆணி ஒண்டும் இல்லயா?”

“இப்புடித்தான் தங்கச்சி. மண் பிடிச்சிக்கும்.”

காலால் மணலைத் தள்ளி மூடினேன். மூடின கையோடு மறந்தும் போனேன்.

ஐந்தாறு வருடம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“அண்ணன், பிரிஜ்ஜத் தொட்டா கையில சுள்ளெண்டு இழுக்கிது.”

“நேத்து இழுத்ததா?”

“நேத்து இல்ல. இண்டைக்குத்தான்.”

நான் போனேன். எங்கள் ஊரில் யாரும் செருப்போடு வீட்டுக்குள் ஏறுவதில்லை. கரண்ட்காரனுக்கு மட்டும் அது இல்லை. றப்பர் செருப்பு எங்களுக்குக் கவசம் என்று எல்லோருக்கும் தெரியும். “நீங்க கழட்டாதீங்க அண்ணன், அப்படியே வாங்க” என்று அந்தத் தங்கச்சி சொன்னா. துடைத்து வைத்த சீமெந்துத் தரையில் என் செருப்பு அடையாளம் விழ விழக் குசினிக்குள் போனேன். பிரிஜ்ஜில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. டெஸ்டரை வைத்தேன். ஜன்னலால் பத்துமணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டெஸ்டர் விளக்கு மங்கலாக எரிந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கையால் மறைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

“ஒண்டுமில்லயே தங்கச்சி.”

“இப்ப இல்ல. காலமே இருந்த.”

“கரண்ட் அடிச்சா ட்ரிப் சுவிட்ச் விழும். விழுந்ததா?”

“இல்ல.”

“அப்ப அடிக்கல்ல.”

“அப்ப என்ட கையில இழுத்தது என்ன?”

“அத நீங்கதான் சொல்லணும்.”

கொஞ்சமாகக் கசிகிற கரண்டுக்கு ட்ரிப் விழாது. அது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் கேள்வி கேட்கிற ஆளின் வாயை மூட அந்த ட்ரிப் கதை நல்ல கதை. எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வெள்ளியும் போன் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும். ஏணியில் நிற்கும்போது ஆறு தரம், ஏழு தரம் அடிக்கும். எடுக்காமல் விட்டால் பக்கத்து வீட்டுப் போனில் இருந்து வரும். மூன்றாம் முறை போனபோது கலண்டரைக் கொண்டுவந்து காட்டினா. கரண்ட் இழுத்த நாளெல்லாம் பேனையால் வட்டம் போட்டிருந்தது. எல்லாம் வெள்ளிக்கிழமை.

அந்தக் கலண்டரைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் காலையில் தண்ணீர் ஊற்றித்தானே கழுவுவார்கள்? என் வீட்டிலும்தான். கழுவி முடித்து, ஈரக் காலோடு குசினிக்குள் வந்து பிரிஜ்ஜைத் திறக்கிற பெண்ணுக்கு இழுக்கும். தரை காய்ந்த பிறகு செருப்போடு வந்து தொடுகிற எனக்கு இழுக்காது. இவ்வளவுதான் விஷயம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பை வீட்டில் அடக்கிக்கொண்டு கடைக்குக் கொண்டுபோனேன்.

“இண்டைக்கு ஆருர வீடு?” கடைக்காரர் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை கரண்ட் வீடு.”

“அதென்ன புதுக் கரண்ட்?”

“கிழமையில ஒரு நாள்தான் வேலை. மற்ற ஆறு நாளும் லீவு.”

“பெரிய உத்தியோகம்தான். ஆருக்கெல்லாம் அடிக்கிது?”

“வீட்டுக்காரிக்கு மட்டும்தான். நான் தடவித் தடவிப் பாத்தன், என்னில அதுக்கு ஆசையில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று தோன்றியது.

“செத்த மனிசன் வெள்ளிக்கு வெள்ளி வந்து கையப் பிடிச்சிப் பாக்குறாராக்கும்.”

அதைச் சொன்னது பக்கத்தில் இருந்த வேறொரு ஆள் என்று கொஞ்ச வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான்தான் சொன்னேன். அதற்குப் பெரிதாகச் சிரித்தவர் ஒரு மீன் வியாபாரி. விடியப்புறம் வாழைச்சேனைத் துறைக்குப் போய், மோட்டார் சைக்கிள் பெட்டியில் மீன் கட்டிக்கொண்டு வருகிறவர். அந்த மனிதர் மீனை இங்கே கொண்டுவந்தார். என் கதையை அங்கே கொண்டுபோனார்.

அந்தத் தங்கச்சியின் மகளுக்கு வாழைச்சேனையில்தான் மாப்பிள்ளை பேசியிருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை அடக்கியிருப்பேனா என்றால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து வீடு பார்த்து, பிடித்து, நாளும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. நான் கடைக்குள் தேத்தண்ணியோடு இருந்தேன். வெளியே ரோட்டில் அந்தத் தங்கச்சி வந்து நின்றா. பெண்கள் அந்தக் கடைக்குள் வருவதில்லை. ரோட்டில் நின்றபடியே கூப்பிட்டா.

“அண்ணன், இஞ்சால வாங்க.”

எழுந்து வாசல் வரை போனேன். பின்னால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“என்ட மனிசன் வெள்ளிக்கிழமை வந்து கையப் பிடிக்கிறாரெண்டு சொன்னது நீங்களா?”

“அது... சும்மா ஒரு பகிடிக்கு, தங்கச்சி...”

“உங்கட பகிடி வாழைச்சேனைக்குப் போய்ச் சேந்திட்டு. மாப்பிள்ளைட தாய் சொல்லி அனுப்பியிரிக்கா. செத்த ஆள் நடமாடுற வீட்டுல மகன இருத்தமாட்டாவாம். வேற வீடு கட்டித் தரட்டாம். நான் எங்க போவன் வேற வீட்டுக்கு?”

எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் வர வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் கோபம் வரும். “நான் மூணு தரம் வந்து தொட்டுப் பாத்தன். ஒண்டுமில்ல. இல்லாத கரண்ட நான் எங்க தேடுற?” என்றேன்.

“நானும் மூணு மாசமா யோசிச்சன் அண்ணன். என்ட வீட்டுல செருப்போட நிக்கிற ஒரே ஆள் நீங்கதான். இப்ப வாங்க. செருப்பக் கழட்டிப்போட்டு, ஈரத்தில நின்டு தொடுங்க. மறுகா சொல்லுங்க இல்லெண்டு.”

கடைக்குள் யாரோ மெல்லமாக “போங்க, போங்க, மச்சான் காத்திட்டு இரிக்கார்” என்றார்கள். செத்த மனிதரைத்தான் மச்சான் என்றார்கள், நான் சொன்ன பகிடியின் குட்டி அது. யாரும் சிரிக்கவில்லை.

போனேன். மகள் தையல் வகுப்புக்குப் போயிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. தங்கச்சி ஒரு வாளித் தண்ணீரைக் குசினித் தரையில் ஊற்றிவிட்டுத் தள்ளி நின்றா. நான் செருப்பை வாசலில் கழற்றினேன். இத்தனை வருடத் தொழிலில் ஒருத்தர் வீட்டுத் தரை என் காலில் பட்டது அன்றைக்குத்தான். பிரிஜ் கைபிடியைத் தொட்டேன். முழங்கை வரைக்கும் இழுத்தது. கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன்.

அந்தத் தங்கச்சி வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்தா.

கிணற்றடிக்குப் போய் மண்வெட்டியால் மணலைக் கிளறினேன். செம்புக் கம்பியின் தலையில் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. நான் முறுக்கிய வயரை உவர் தின்றுவிட்டது. விரலால் தொட்டதும் உதிர்ந்து கையோடு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் நிற்கிறா.

“இது அண்டைக்கு நான் கேட்ட இடம்தானே?”

“ஓம்.”

ஏசுவா என்று நின்றேன். அறுவான், கட்டையில போவான் என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். புது வயர் இழுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். அந்தத் தங்கச்சி போய் ஈரத்தில் நின்று, இரண்டு கையாலும் பிரிஜ்ஜைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றா. பிறகு திரும்பி வந்து சொன்னா.

“நாளைக்கு என்னோட வாழைச்சேனைக்கு வாங்க. வேற ஒண்டும் வேணாம் எனக்கு. பிழை உங்கட வேலையில, வீட்டுல இல்ல எண்டு உங்கட வாயால சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

“வாறன் தங்கச்சி. சொல்லுறன்.”

சொல்லத்தான் நினைத்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான் கிளாம்ப் போடவில்லை, அது என் பிழை, அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. சின்ன வசனம்தான். ஏறாவூர் தாண்டும்போது நன்றாக வந்தது. செங்கலடியிலும் வந்தது. முன் சீட்டில் அந்தத் தங்கச்சி நெஞ்சோடு கைப்பையை அணைத்துக்கொண்டு இருந்தா. மீன்நாற்றம் ஜன்னலால் வந்தபோது வசனத்தின் முதல் சொல்லே மறந்துபோயிற்று.

மாப்பிள்ளையின் தகப்பன் இரண்டு வள்ளம் வைத்திருக்கிறவர். வீட்டுக்கு மேல் தட்டாக ஒரு மாடி ஏற்றிக்கொண்டிருந்தார். கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. நல்ல மனிதர். கதிரை போட்டு, தேத்தண்ணியும் விசுக்கோத்தும் வந்தது. மாப்பிள்ளையின் தாய் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்தா.

“அந்த வீட்டுக்கு வயரிங் செஞ்சது இவர்தான்” என்று தங்கச்சி சொன்னா. “என்ன நடந்ததெண்டு அவரே சொல்லுவார்.”

நான் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் முந்திக்கொண்டார்.

“அட, கரண்ட்காரரா நீங்க? நல்ல நேரத்தில வந்தீங்க. மேல முழுக்க வயரிங் செய்யணும், நம்பிக்கையான ஆள் ஒண்டு தேடிட்டுத்தான் இரிக்கன். எவ்வளவு காலம் இந்தத் தொழில்?”

“நாப்பது வருசத்துக்கு மேல.”

“பாத்தியா கா,” என்று பெண்சாதியிடம் திரும்பினார். “நாப்பது வருசம்! இப்ப வாறவனுகள் நாலு மாசம் கோர்ஸ் படிச்சிட்டு வாறானுகள். சரி, சொல்லுங்க. அந்த வீட்டுல என்ன பிரச்சினை?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது வருடம் என்று சொன்ன வாய் இன்னும் சூடாக இருந்தது.

“எலி” என்றேன்.

“எலியா?”

“மண்ணுக்குள்ள வளை தோண்டி, எர்த் வயரக் கடிச்சிட்டு. அதாலதான் கரண்ட் இழுத்திரிக்கி. வெள்ளிக்கிழமை கழுவுற ஈரத்தில மட்டும் தெரிஞ்சிரிக்கி. இப்ப புது வயர் போட்டுட்டன்.”

தகப்பன் தொடையில் அடித்துச் சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. அந்தத் தங்கச்சியைப் பார்த்துக் கேட்டா:

“மெய்யாவா கா? எலியா?”

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு கதை சொல்லுகிறோம் என்று ஆகியிருக்கும். பிறகு அந்த வீட்டின் பேர் எழும்பியே இருக்காது.

“ஓம் கா,” என்றா. “எலிதான்.”

மூன்று மாதமாக உள்ளதைச் சொன்னா. நான் நம்பவில்லை, ஊர் சிரித்தது. அன்று முதல் தடவையாக ஒரு பொய் சொன்னா, உடனே எல்லோரும் நம்பினார்கள். மாப்பிள்ளையின் தாய் நிலையை விட்டு நிமிர்ந்து வந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டா. “நாங்க என்னெல்லாமோ நினைச்சிட்டம், குறையா எடுக்காதீங்க கா” என்று அழவும் செய்தா. வைத்த நாளிலேயே கலியாணம் என்று அங்கேயே முடிவாயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தங்கச்சியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. சித்தாண்டி வந்தபோது சொன்னேன்.

“தங்கச்சி, என்ன மன்னிச்சிக்கங்க.”

“அங்க சொல்லியிரிக்கணும் அண்ணன். இஞ்ச சொல்லி எனக்கென்ன?”

கொஞ்ச தூரம் போன பிறகு, “அந்த மேல் தட்டு வேலைய நான் எடுக்கமாட்டன்” என்றேன். அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

“எடுங்க” என்றா. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தா. “எடுக்காட்டி ஏனெண்டு கேப்பாங்க. நீங்க அதுக்கும் ஒரு எலியப் பிடிப்பீங்க. நான் அதுக்கும் ஓம் எண்டு சொல்லணும்.”

அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி என்னோடு கதைக்கவே இல்லை. ரோட்டில் கண்டால் மற்ற ஆட்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவா. கோபம்கூடத் தெரியாது. வீட்டில் பல்பு போனால் வேறு ஆளைக் கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன்.

வேலையை எடுத்தேன். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் மேல் தட்டு வயரிங். நான் இந்தத் தொழிலில் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன். எர்த் கம்பிக்கு ஒரு கிளாம்ப் போதும், இரண்டு போட்டேன். வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என்னைக் காட்டி, “எங்கட சம்மந்தி வீட்டு எலியப் பிடிச்ச ஆள் இவர்தான்” என்பார். நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் புதுப் பெண் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்குச் சோறு போட்டது அந்தப் பிள்ளைதான். மீன் ஆணமும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். பக்கத்தில் நின்று, வைக்கவா வைக்கவா என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறினாள். செத்துப்போன தகப்பனின் முகம் அவளில் அப்படியே இருந்தது.

“நீங்க அண்டைக்கு வந்து சொல்லாட்டி என்ட கலியாணம் நடந்திரிக்காது மாமா.”

தாய் மகளுக்கும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“எங்கட வீட்டுக் கிணத்தடியில ஒரு எலிப்பொறி வெச்சிரிக்கன் மாமா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் தேங்காய்த் துண்டு மாத்தி வெப்பன். அம்மா அதப் பாத்தும் பாக்காத மாதிரிப் போறா. இன்னும் ஒண்டும் விழல்ல.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருடத் தொழில்காரன் ஏதாவது வழி சொல்லுவான் என்று நினைத்திருப்பாள்.

“விழும் மகள்,” என்றேன். “கொஞ்சம் பொறுங்க.”

சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பினேன். “என்ன மாமா, பாதிச் சோறு கிடக்கு பீங்கானில” என்று பின்னால் கூப்பிட்டாள். பல்வலி என்று சொன்னேன்.